முதலில் ரேட் ஷீட்டை மாற்றுங்கள்: வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் மேன்பவர் ஏஜென்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஏஜென்சி அண்ணன்களே, அக்காக்களே,

வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கும், தோல் பதனிடுகிற மேல்விஷாரம் டேனரிகளுக்கும், வேலூரில் ஆஸ்பத்திரி, காலேஜ் ஹவுஸ்கீப்பிங்குக்கும் ஆள் அனுப்புகிற உங்களில் சிலருக்கு மாதாமாதம் சம்பளக் கணக்குப் போட்டு, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) சலான் எடுத்து, இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் வண்டி ஓடினால்தான் எனக்கும் சோறு. அதனால் எவனோ வெளியாள் வந்து பாடம் எடுக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஆளுக்கு இவ்வளவு என்று கம்பெனியிடம் நீங்கள் வாங்குகிற தொகையைப் போட்டு வைத்திருக்கிற ரேட் ஷீட்டை முதலில் மாற்றுங்கள்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் ஒரே நாளில் அமலுக்கு வந்தன. 29 பழைய சட்டங்களை மடித்து நான்காக்கியிருக்கிறார்கள்: ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு. அன்றிலிருந்து நான் யாரிடம் பேச்சை எடுத்தாலும் ஒரே பதில்தான் வருகிறது: "ஸ்டேட் ரூல்ஸ் வரட்டும் தம்பி, அப்புறம் பார்த்துக்கலாம்."

விதிகள் எதைச் சொல்லும்? எந்தப் படிவம், எந்த ரிஜிஸ்டர், யாரிடம் விண்ணப்பம் என்று சொல்லும். ஆனால் உங்கள் பாக்கெட்டில் கை வைக்கிற விஷயம், அதாவது எது சம்பளம், எது சம்பளத்தில் சேராது என்பது, சட்டத்தின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு எந்த விதியும் வர வேண்டியதில்லை. மாறுகிற காலத்தில் பழைய விதிகள் தொடரும் என்று மத்திய அரசு சொன்னது உண்மைதான், ஆனால் புதிய சட்டத்துக்கு முரணாக இருக்கிற பழைய வழக்கத்தை அது காப்பாற்றாது. இந்தச் சட்டங்கள் தொழிலாளிக்கு நல்லவையா கெட்டவையா என்ற சண்டை வேறு. தொழிற்சங்கங்கள் தெருவில் இறங்கிப் போராடுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன, எனக்கும் சிலதில் அவர்கள் பக்கம்தான். அதற்காகச் சலான் போடுகிற தேதி தள்ளிப்போகாது.

காத்திருந்து பார்த்தால் என்ன ஆகும் என்று நம் ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. நமக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் இருந்த காலம், 1996 ஆகஸ்ட் 28. பாலாற்றை நாசமாக்கியதற்காக உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டு, நவம்பர் முடிவதற்குள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி இல்லாவிட்டால் பூட்டு என்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சொல்லி அதற்கு முன்பே எத்தனையோ வருஷமாக அரசு கேட்டுக்கொண்டிருந்தது, மானியம் தருகிறேன் என்றும் சொன்னது. அப்போதும் "பார்த்துக்கலாம்" என்றுதான் இருந்தார்கள். கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து முன்பே கட்டியவன் தொழிலை ஓட்டினான், வேடிக்கை பார்த்தவன் வக்கீல் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் அலைந்தான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிப்காட்டில் ஒரு ஃபிட்டர், மாதம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களில் பலர் போட்டு வைத்திருக்கிற சம்பளப் பிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: பேசிக், டிஏ சேர்த்து 7,200, வீட்டு வாடகைப்படி 4,500, போக்குவரத்துப்படி 1,800, மிச்சம் 4,500-க்கு 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று ஒரு பெயர். பிஎஃப் பிடிப்பது 7,200-க்கு மட்டும், 12 சதவீதம், 864 ரூபாய். இப்போது புதிய சட்டத்தில் சம்பளத்தில் சேராதவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வாடகைப்படி அதில் உண்டு, போக்குவரத்துப்படி உண்டு, ஓடி (ஓவர்டைம்) உண்டு, கமிஷன், போனஸ் உண்டு. ஸ்பெஷல் அலவன்ஸ் அதில் இல்லை. எனவே அந்த 4,500 அப்படியே சம்பளத்துக்குள் வந்து உட்காரும். 7,200-உடன் சேர்ந்து 11,700. 12 சதவீதம் போட்டால் 1,404. தொழிலாளியின் பங்கில் 540 கூடுகிறது, உங்கள் பங்கிலும் அதே 540.

இதில் ஒரு குழப்பம் ஊர் முழுக்க ஓடுகிறது. "பாதி சம்பளத்துக்கு பிஎஃப் கட்டினால் போதும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள், வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சட்டம் சொல்வது வேறு. அந்தச் 'சேராதவை' எல்லாம் கூட்டி மொத்தத்தில் 50 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டுகிற தொகையும் சம்பளமாகவே எண்ணப்படும். 50 என்பது படிகளுக்கு மேல்வரம்பு. உங்கள் படிகள் அதற்குக் குறைவாக இருந்தால் மிச்சமெல்லாம் சம்பளம்தான், மேலே இருக்கிற ஃபிட்டருக்கு ஆன மாதிரி. ஓடி பணமும் அந்த 50 சதவீதக் கணக்கில் எண்ணப்படுகிறது என்பதால், ஏற்றுமதி சீசனில் ராத்திரி பகலாக ஓடி பார்க்கிற ஷூ கம்பெனி ஆட்களுக்கு மாதாமாதம் இந்தக் கணக்கு மாறும். ஜனவரியில் ஒரு முறை போட்டு வருஷம் முழுக்க அதையே காப்பி அடிக்கிற எக்செல் ஷீட் இனிமேல் உதவாது.

பிஎஃப் சம்பள உச்சவரம்பு 2014 முதல் 15,000 ரூபாய்தான். ஏற்கெனவே 15,000-க்குப் பிடித்துக் கட்டுகிறவர்களுக்குக் கையில் வாங்குவது இதனால் குறையாது, மத்திய தொழிலாளர் அமைச்சகமே அதை விளக்கிச் சொல்லியிருக்கிறது. அடி விழுவது அதற்குக் கீழே பேசிக்கைச் சுருக்கி வைத்தவர்களுக்கு. அதாவது நமக்கு.

இப்போது உங்கள் பக்கக் கணக்கு. பிஎஃப் பங்கு 12 சதவீதம், கூடவே இன்ஷூரன்ஸுக்கும் நிர்வாகச் செலவுக்கும் அரை அரை சதவீதம், மொத்தம் 13. கூடுதலான 4,500-க்கு 585 ரூபாய். அடுத்து கிராஜுட்டி, அதாவது பணிக்கொடை. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஆர்டர் கொடுத்து எடுத்த ஆளுக்கு ஐந்து வருஷம் காத்திருக்கத் தேவையில்லை, ஒரு வருஷம் முடித்தாலே விகிதாசாரப்படி கிராஜுட்டி உண்டு. வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், 26-ஆல் வகுத்து. மாதக் கணக்கில் ஒதுக்கினால் 11,700-க்கு ஏறக்குறைய 563. இரண்டையும் கூட்டினால் 1,148. நீங்கள் கம்பெனியிடம் வாங்குகிற சர்வீஸ் சார்ஜ் அந்த 18,000-இல் 7 சதவீதம் என்றால் 1,260. மிச்சம் 112 ரூபாய். அந்த 112-இல்தான் ஆபீஸ் வாடகை, ஃபீல்டு பையன் பெட்ரோல், ஆள் வேன் லேட்டானால் கம்பெனி போடுகிற பிடித்தம், எனக்குத் தரவேண்டிய ஃபீஸ். கிராஜுட்டி இன்றே கையை விட்டுப் போகாததால் அது தெரியாது, வருஷக் கடைசியில் முப்பது பேர் ஒன்றாக நின்றால் தெரியும்.

ஆகவேதான் சொல்கிறேன், மாற்ற வேண்டியது முதலில் ரிஜிஸ்டர் இல்லை, போர்டு இல்லை, ரேட் ஷீட். கம்பெனியோடு போட்டிருக்கிற ஒப்பந்தத்தைத் திறந்து, ஆளுக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தால் அதை உடைத்துப் போடுங்கள்: சம்பளம் ஒரு வரி, படிகள் ஒரு வரி, பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ், கிராஜுட்டி ஒதுக்கீடு, விடுப்புச் சம்பளம் ஒவ்வொன்றும் ஒரு வரி, கடைசியில் உங்கள் சர்வீஸ் சார்ஜ் தனி வரி. சட்டம் மாறினால் அந்தந்த வரி தானாக மாறும் என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு என்று நீங்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்யச் சொல்லவில்லை, அது போட்டிச் சட்டப்படி வம்பு. சட்டப்படி கட்டவேண்டியதை ஒளிக்காமல் தனியாகக் காட்டுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கம்பெனியில் என்ன சொல்வார்கள் என்றும் தெரியும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் ஆர்டர் போச்சு, இப்போது ரேட்டைப் பற்றிப் பேசாதே என்பார்கள். ஆம்பூரில் அது பொய்யும் இல்லை. ஆனால் நீங்கள் சம்பளம் கொடுக்காவிட்டால் அந்தப் பொறுப்பு முதன்மை முதலாளியாகிய அவர்கள் தலையில்தான் வரும் என்று சட்டம் சொல்கிறது. கான்டீன், ஓய்வறை, குடிதண்ணீர், முதலுதவி எல்லாம் இனி கம்பெனியே செய்து தரவேண்டியவை. இதுவரை இதில் ஏதாவது உங்கள் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பேரத்தில் எடுத்துப் போடுங்கள்.

தேதிகள் இன்னொரு தலைவலி. சம்பளம் 7-ஆம் தேதிக்குள், பிஎஃப், இஎஸ்ஐ 15-க்குள், ஜிஎஸ்டி 20-க்குள். அந்த ஜிஎஸ்டி உங்கள் கமிஷனுக்கு மட்டும் வருவதில்லை, சம்பளம், பிஎஃப் எல்லாம் சேர்ந்த முழு பில்லுக்கும் 18 சதவீதம். பில் பணம் மட்டும் அறுபது நாள், தொண்ணூறு நாள் கழித்து, அதுவும் நாலு போன் போட்டால். வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போடுகிறவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் ஒன்று செய்யலாம். குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு எடுத்துக்கொள்ளுங்கள், காசு கிடையாது. குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தரவேண்டும். தராவிட்டால் 2023-24 முதல் அந்தச் செலவை அந்த வருஷ வருமான வரிக் கணக்கில் கம்பெனி கழித்துக்கொள்ள முடியாது, பணத்தைக் கொடுக்கிற வருஷத்தில்தான் கழிக்கலாம். உங்கள் பில்லின் மேலேயே உத்யம் எண்ணை அச்சடித்து அனுப்பிப் பாருங்கள். மார்ச் மாதம் அவர்கள் ஆடிட்டரே உங்களுக்குப் போன் பண்ணுவார்.

இனி எனக்கு மனதில் உறுத்துகிற விஷயம். அந்த 540 ரூபாயை நீங்கள் ஃபிட்டரிடம் எப்படிச் சொல்லப் போகிறீர்கள்?

அடுத்த மாதம் அவன் மொபைலில் வருகிற பேங்க் மெசேஜில் 540 குறைந்திருக்கும். விடிகாலை குடியாத்தம் ரோட்டில் ஆள் வேனுக்கு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவனிடம் காட்டுவான். "ஏஜென்சிக்காரன் அடிச்சிட்டான்டா" என்று பேச்சு போகும், வேன் சிப்காட் நாலாவது கேட் போவதற்குள் நாற்பது பேருக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் நீங்களே ஒரு பக்கம் தமிழில் அடித்து, அவன் சம்பளத்தையே உதாரணமாக வைத்து, இவ்வளவு பிடித்தோம், நாங்களும் அதே அளவு கூடப் போட்டோம், மாதம் 1,080 ரூபாய் கூடுதலாக உன் பெயரில் போகிறது, எங்கள் பங்கில் ஒரு பாகம் பென்ஷனுக்குப் போகும் என்று எழுதிக் கொடுங்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்களுக்கு இந்தியில் ஒன்று. அரசின் உமாங் ஆப்பில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறக்க ஃபீல்டு பையன் சொல்லிக் கொடுக்கட்டும். தன் பாஸ்புக்கைக் கண்ணால் பார்த்தவன் சண்டைக்கு வருவதில்லை, இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

யூஏஎன், அதாவது ஒரு ஆளுக்கு பிஎஃப்-இல் உள்ள நிரந்தர எண், அந்த விஷயமும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 1 முதல் புது ஆளுக்கு யூஏஎன் எடுக்க உமாங்கில் முகம் காட்ட வேண்டும். ஆதார் ஜெராக்ஸை வாங்கி நாற்பது பேருக்கு ஆபீஸிலிருந்தே போட்ட காலம் போச்சு. விடியாத இருட்டில், வேன் ஹெட்லைட் வெளிச்சத்தில் முகத்தைக் காட்டி "மீண்டும் முயற்சிக்கவும்" என்று திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பதற்குப் பதில், ஆள் முதல் நாள் ஆபீஸுக்கு வரும்போதே ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு முடித்துவிடுங்கள். பழைய யூஏஎன் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஒரே ஆளுக்கு மூன்று எண் இருந்தால் பின்னால் பணம் எடுக்க வேலூர் பிஎஃப் ஆபீஸுக்கு அலைவது அவன்தான். முதன்முறையாக பிஎஃப்-இல் சேருகிறவனுக்கு, 2027 ஜூலை 31 வரை ஓடுகிற பிரதமர் விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டத்தில் 15,000 ரூபாய் வரை இரண்டு தவணையாகக் கிடைக்கும், கூடுதல் ஆள் எடுக்கிற நிறுவனத்துக்கும் நிபந்தனைகளோடு மாதம் 3,000 வரை உண்டு. உங்கள் பிஎஃப் கோடில் (நிறுவன எண்ணில்) இது பொருந்துகிறதா என்று உங்கள் ஆலோசகரைக் கேளுங்கள். கேட்டால் என் வேலை கூடும், பரவாயில்லை.

சில ஆலோசகர்கள் ஒரு குறுக்கு வழி விற்கிறார்கள். ஸ்பெஷல் அலவன்ஸை அழித்துவிட்டு அந்தத் தொகையை வாடகைப்படி, போக்குவரத்துப்படிக்குள் தள்ளிச் சரியாக 50-க்குக் கொண்டுபோய் நிறுத்துவது. பேப்பரில் நிற்கும். ஆனால் முதலில் அந்த பேசிக், டிஏ தமிழ்நாட்டில் அந்தத் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகிறதா பாருங்கள். அப்புறம், நேற்று வரை 1,800 ஆக இருந்த போக்குவரத்துப்படி இன்று 4,000 ஆனது எப்படி, வேனையும் நீங்களே விடுகிறீர்களே என்று பிஎஃப் அதிகாரி கேட்டால் என்ன சொல்வீர்கள்? பெயர் மாற்றி வைத்த படிகளும் பிஎஃப்-க்குள் வரும் என்று 2019 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் சொல்லியாயிற்று. இது ஒன்றும் புதுக் கதை இல்லை.

பிடித்து வைக்கிற சம்பளத்தைப் பற்றி நேராகவே பேசுகிறேன். ஆள் ஓடிவிடக் கூடாது என்று முதல் பத்துப் பதினைந்து நாள் சம்பளத்தை நிறுத்தி வைப்பது நம் ஏரியாவில் பாதி ஏஜென்சிகளின் பழக்கம். இனி வேலையை விட்டால், விலக்கினால் இரண்டு வேலை நாளுக்குள் மொத்தக் கணக்கையும் முடித்துக் கொடுக்க வேண்டும். "மாசக் கடைசியில் வா" என்பது சட்டப்படி செல்லாது. யூனிஃபார்ம் காசு, ரூம் வாடகை என்று பிடிப்பதற்கும் எல்லை இருக்கிறது, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. வவுச்சரில் கொடுக்கிற ஒற்றை ரேட் ஓடியும் இதே வகைதான், ஓடிக்கு இரண்டு மடங்கு.

நியமனக் கடிதம் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் போதும், ஆனால் அதில் எழுதுகிற வார்த்தை உங்களைக் கட்டிப்போடும் என்பதால் இணையத்தில் கிடைப்பதை அப்படியே அடிக்காதீர்கள். முடியும் தேதி போட்டால் ஒரு வருஷத்தில் கிராஜுட்டி. தேதி போடாமல் ஐந்து வருஷம் ஓட்டினாலும் கிராஜுட்டி தப்பாது, தள்ளிப்போகும், அவ்வளவுதான். கம்பெனி மாறும்போது ஆளை ஒரு நாள் நிறுத்தி மறுபடி சேர்ப்பது போன்ற வித்தைகளை நான் செய்து தர மாட்டேன், முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பது பேருக்குக் கீழே இருந்தால் கான்ட்ராக்ட் லைசென்ஸ் தேவையில்லை என்று சின்ன ஏஜென்சிகள் சந்தோஷமாக இருக்கிறீர்கள். முன்பு அது இருபது. லைசென்ஸ் போனதால் மற்றது போகவில்லை. பிஎஃப்-க்கு எல்லை இருபது, இஎஸ்ஐ-க்குப் பத்து, குறைந்தபட்சக் கூலிக்கு எல்லையே இல்லை. நாற்பத்தொன்பது பேரோடு நிறுத்தி மச்சான் பெயரில் இன்னொரு ஏஜென்சி தொடங்குவது எல்லோருக்கும் தெரிந்த ஐடியா, அதிகாரிகளுக்கும் தெரியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஆம்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது, மைய வேலையில், அதாவது கம்பெனி எதற்காக நடக்கிறதோ அந்த வேலையில், ஒப்பந்தத் தொழிலாளி கூடாது என்பது. துப்புரவு, காவல், கான்டீன், ஏற்றி இறக்குவது, தோட்டம் இதெல்லாம் வழக்கமாக மைய வேலையில் சேராதவை, அவற்றுக்கு ஆள் அனுப்பலாம். ஆனால் ஷூ கம்பெனியில் தையல் லைனும், ஷூவை அச்சில் ஏற்றி வடிவம் கொடுக்கிற லாஸ்டிங்கும் மைய வேலை இல்லை என்று யாரால் வாதாட முடியும்? விலக்குகள் இருக்கின்றன: அந்தத் தொழிலில் வழக்கமாகவே கான்ட்ராக்டர் மூலம் நடக்கிற வேலை, நாளின் பெரும்பகுதிக்கு முழுநேர ஆள் தேவைப்படாத வேலை, திடீரென்று கூடிக் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை. சீசன் ஆர்டரை அந்த மூன்றாவதில் கொண்டுவரலாம், அதற்கு ஆர்டர் தேதி, எத்தனை நாள், எத்தனை ஆள் என்று கம்பெனியிடம் எழுதி வாங்கி வையுங்கள். வருஷம் முழுக்க ஒரே தையல் லைனில் ஒரே நூறு பெண்கள் உட்கார்ந்திருந்தால் அதைத் திடீர் வேலை என்று சொல்ல முடியாது. அந்த ஆட்களைக் கம்பெனி தன் நேரடி ஆட்களாக ரோலில் எடுத்துக்கொள்ள வேண்டிவந்தால் உங்கள் பில்லில் பெரிய ஓட்டை விழும். அந்தப் பேச்சை இப்போதே தொடங்கி, ஆள் தேடித் தருவதற்கு ஒரு ஃபீஸ், பயிற்சிக்கு ஒரு ஃபீஸ், பேரோல் நடத்தித் தர ஒரு ஃபீஸ் என்று தொழிலை மாற்றிக்கொள்வது நல்லது. தலைக்கு இவ்வளவு என்று மட்டும் பிழைத்தவர்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இதைப் படிக்கிற கம்பெனி எச்.ஆர். நண்பர்களுக்கும் இரண்டு வரி. டெண்டரில் 2 சதவீத சர்வீஸ் சார்ஜ் போட்டவனை எடுத்துவிட்டு, அவன் எப்படிப் பிழைப்பான் என்று ஒருமுறையாவது கேட்டீர்களா? கட்டாத பிஎஃப்-இல்தான் பிழைப்பான். பில்லோடு அந்த மாதச் சலானையும், பிஎஃப்-க்கு மாதாமாதம் ஏற்றுகிற, ஆள்வாரியாகப் பெயர் போட்ட ஈசிஆர் பட்டியலையும் கேளுங்கள். சலான் தொகையை மட்டும் பார்த்தால் போதாது, உங்கள் கேட்டில் பஞ்ச் அடித்தவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

அண்ணன்களே, அக்காக்களே, ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி ரேட் ஷீட் எடுத்து, மேலே போட்ட ஃபிட்டர் கணக்கு மாதிரி ஒரு ஆளுக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். மைனஸில் வருகிற கம்பெனி எது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்தக் கம்பெனிக்கு முதல் கடிதம் போகட்டும், பேச்சாக வேண்டாம், எழுத்தில், தேதியோடு. இந்த மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி வேலை முடிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், ஷீட்டைக் கொண்டு வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம். ஆள் பட்டியலோடு வாருங்கள், கடந்த மூன்று மாத ஈசிஆரும் வேண்டும்.

இப்படிக்கு,
ராணிப்பேட்டையிலிருந்து, உங்கள் சம்பளக் கணக்குப் பிள்ளை